எந்த எடை சரியான எடை?

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். இரண்டு யூனிட், 380 தொழிலாளர்கள். நிட்டிங், டையிங், காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்வது), பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகிறது. கட்டிங் முதல் பேக்கிங் வரை எங்களிடம். ஜெர்மனியில் உள்ள பையர் ஒருவர் இப்போது ஒவ்வொரு ஸ்டைலுக்கும் நூல் எந்த மில், எந்த லாட், எங்கே சாயம் போட்டீர்கள் என்று கேட்கிறார். பதில் சொல்ல நாலு நாள் ஆகிறது. மகன் சொன்னதால் ஓர் ஆலோசகரைப் பிடித்து டேட்டா கவர்னன்ஸ் திட்டம் எழுதி வாங்கினோம். 140 பக்கம். ஒரு கவுன்சில், மூன்று குழுக்கள், பதினொரு கொள்கைகள் என்று இருக்கிறது. எங்கள் ஆபீசில் மொத்தமே 19 பேர். எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த 140 பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அலமாரியில் இருக்கட்டும். எழுதியவர் தவறாக எதுவும் எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஒரு வங்கிக்கு அது பொருந்தும். வங்கியில் ஒரே வாடிக்கையாளரின் விவரம் பத்து மென்பொருள்களில் கிடக்கும், கிளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ரிசர்வ் வங்கி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அங்கே கவுன்சில் இல்லாமல் முடியாது. உங்கள் 19 பேரும் ஒரே மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது வேறு.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மூத்த மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிறவர்), துணிக் கணக்கு பார்க்கிறவர், அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் மூவரையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். மூன்று பேரிடமும் ஒரே கேள்வி: "கடந்த ஒரு வருடத்தில் தகவல் தப்பாக இருந்ததால் நமக்கு எங்கே பணம் போனது?" யாரையும் குற்றம் சொல்லாமல், பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விமானத்தில் அனுப்ப நேர்ந்த சரக்கு, மறுபடி சாயம் போட்ட துணி, பையர் பணம் பிடித்த டெபிட் நோட், திரும்பி வராத நூல், எல்லாம் வரும். அந்தப் பட்டியலில் மேலே இருக்கும் மூன்றுதான் உங்கள் திட்டம். மற்றது பிறகு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஊரிலேயே ஒரு கம்பெனியில் நான் நேரில் பார்த்தது இது. நேவி கலர், 1,100 கிலோ துணி. லேப் டிப்பில் (ஒப்புதலுக்காகச் சாயம் போட்டு அனுப்பும் சிறு துணி மாதிரி) ஏ, பி, சி என்று மூன்று ஆப்ஷன் அனுப்பினார்கள். பையர் முதலில் ஏ சரி என்றார். இரண்டு நாள் கழித்து மனதை மாற்றிக்கொண்டு பி என்று மெயில் போட்டார். மெர்ச்சண்டைசர் தன் எக்ஸெலில் மாற்றிவிட்டார், வாட்ஸ்அப்பிலும் தெரிவித்தார். துணிப் பிரிவில் இருந்த புரோகிராம் ஷீட்டில் ஏ அப்படியே இருந்தது. சாயப்பட்டறைக்குப் போனது அந்த ஷீட். 1,100 கிலோவும் தப்பான ஷேடில் வந்து நின்றது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறித்தனமாக இல்லை. இரண்டு ஃபைல்கள், இரண்டுமே எழுதிய தேதியில் சரியானவை. அன்று அந்த மெர்ச்சண்டைசர் பெண் அழுததை இன்னும் நான் மறக்கவில்லை. அவர் மீது தப்பே இல்லை. எந்தத் தாளில் இருப்பது செல்லும் என்று அந்தக் கம்பெனியில் யாரும் தீர்மானித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் பிறகு புது சாஃப்ட்வேர் எதுவும் வாங்கவில்லை. 'ஒப்புதல் பெற்ற லேப் டிப்' என்று ஒரே ஒரு இடம் வைத்தார்கள். அதில் எழுதும் உரிமை அந்த ஸ்டைலின் மெர்ச்சண்டைசருக்கு மட்டும். மற்ற எல்லோரும் பார்க்கலாம், எழுத முடியாது. சாயப்பட்டறைக்குப் போகும் தாள் அந்த இடத்திலிருந்துதான் பிரிண்ட் ஆகும். வாட்ஸ்அப்பில் வந்தது தகவல்தான், ஒப்புதல் ஆகாது என்று சாயப்பட்டறைக்காரரிடமும் சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால் டேட்டா கவர்னன்ஸ் இதுதான். தமிழில் தரவு ஆளுகை என்கிறார்கள். எந்தத் தகவல் எங்கே இருப்பது செல்லும், அதை மாற்ற யாருக்கு உரிமை, மாற்றினால் யாருக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும்.

அடுத்தது எடை. நாளைக்கே ஒரு ஸ்டைல் நம்பரைச் சொல்லி, "இதற்குத் துணி எத்தனை கிலோ?" என்று மூன்று மேஜைகளிலும் கேட்டுப் பாருங்கள். மூன்று எண்கள் வரும் என்று உறுதியாகச் சொல்வேன். நிட்டிங்கிலிருந்து வந்த, சாயம் போடாத கிரே துணியின் எடையை ஒருவர் சொல்வார். சாயம் போட்டு வந்த எடையை இன்னொருவர் சொல்வார். காம்பேக்டிங் முடிந்து கட்டிங் டேபிளுக்கு வந்த எடை மூன்றாமவரிடம் இருக்கும். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுக்கும் 'துணி எடை' என்று ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் மாதக் கடைசியில் சண்டை வருகிறது, புராசஸ் லாஸ் (வேலைக்கு நடுவே குறையும் எடை) எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. கிரே எடை, சாய எடை, ஃபினிஷ் எடை என்று மூன்று பெயர் வையுங்கள். வெறும் 'துணி எடை' என்ற தலைப்பு உங்கள் ஆபீசில் எந்த எக்ஸெலிலும் இருக்கக் கூடாது. ஆர்கானிக் பருத்திக்கு காட்ஸ் சான்றிதழ் வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம். தணிக்கைக்கு வருகிறவர் உள்ளே வந்த எடையையும் வெளியே போன எடையையும்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

எக்ஸெல் என்றதும் இன்னொன்று. குழந்தைகள் ஆடை செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்கிறீர்கள் என்றால், 3-4, 5-6 என்று வயது வாரியான சைஸை எக்ஸெலில் அடித்துப் பாருங்கள். அது தேதியாக மாறி ஏப்ரல், ஜூன் என்று வந்து நிற்கும். கார்ட்டன் ஸ்டிக்கரில் அப்படியே பிரிண்ட் ஆகி, துறைமுகத்துக்குக் கிளம்பும் முன் எல்லாப் பெட்டியிலும் ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டியதை நான் பார்த்திருக்கிறேன். 13 இலக்க பார்கோடு 4.05E+12 என்று சுருங்கிவிடும். அந்த ஃபைலை சிஎஸ்வி-யாகச் சேமித்தால் உண்மையான எண் போயே போய்விடும். இது உங்கள் ஆட்களின் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் விஞ்ஞானிகளுக்கே இந்தத் தொல்லை இருந்தது. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால் 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். நீங்கள் பெயரை மாற்ற வேண்டாம். சைஸ், பார்கோடு இரண்டு நெடுவரிசைகளையும் முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று அமைத்த ஒரே ஒரு மாதிரி ஃபைலை வைத்துக்கொண்டு, எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

சரி, யாரைப் பொறுப்பாக்குவது? இதில்தான் பெரும்பாலான முதலாளிகள் தவறு செய்கிறார்கள். "கம்ப்யூட்டர் பையன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பையனுக்குத் துணியைத் தொட்டுப் பார்த்து ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) தெரியுமா? உண்மையை முதலில் கண்ணால் பார்ப்பவர் யாரோ, அவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஸ்டைல் விவரமும் ஷேடும் மெர்ச்சண்டைசருக்கு. லாட் எண்ணும் டிசி-யும் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) துணிப் பிரிவுக்கு. தொழிலாளர் விவரம் ஹெச்ஆருக்கு. பார்ட்டி பெயர், ஜிஎஸ்டி எண், பாக்கி எல்லாம் அக்கவுண்ட்ஸுக்கு. ஒரு தகவலுக்கு ஒருவர்தான். இரண்டு பேர் பொறுப்பு என்றால் அது யாருடைய பொறுப்பும் இல்லை. அவர் லீவு போட்டால் யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு பக்கத் தாள் உங்கள் 140 பக்கத்தை விட அதிகம் உதவும்.

இப்போது ஜெர்மன் பையர். இது அவருடைய தனிப்பட்ட ஆசை இல்லை. பொருட்களுக்கான டிஜிட்டல் பாஸ்போர்ட் (ஒரு பொருள் எதில், எங்கே செய்தது என்ற டிஜிட்டல் பதிவு) பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஜூலை 18 முதல் அமலில் இருக்கிறது. அதன் கீழ் முதலில் எடுத்துக்கொள்ளப்போகும் பொருட்களில் ஆடைகளும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வி இனி எல்லா பையர்களிடமிருந்தும் வரும். நாலு நாள் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நாலு நாள் ஆகிறது என்றால், நூல் லாட்டிலிருந்து கார்ட்டன் வரை போகும் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. நான் பார்த்தவரை இரண்டு இடங்களில் அறுகிறது. ஒன்று சாயப்பட்டறை. மெஷின் கொள்ளளவு நிரம்ப வேண்டும் என்பதற்காக உங்கள் இரண்டு கிரே லாட்டுகளை ஒன்றாகப் போட்டு, அவர் தன்னுடைய புது லாட் எண் கொடுத்துவிடுவார். துணி திரும்பி வரும்போது உங்கள் எண் இருக்காது. இன்னொன்று கட்டிங். மிச்சம் மீதி ரோல்களைச் சேர்த்து லே போடும்போது (வெட்டுவதற்காகத் துணியை அடுக்கும்போது) எந்த ரோல் எந்த லேயில் போனது என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

முதலாவதற்கு ஒரே வழி, சாயப்பட்டறைக்காரரின் டிசி-யில் அவர் எண்ணோடு உங்கள் லாட் எண்ணையும் எழுத வைப்பது. இரண்டு லாட் கலந்தால் இரண்டு எண்ணும் வர வேண்டும். எழுதாத டிசி-க்கு பில் பாஸ் ஆகாது என்று அன்பாக, உறுதியாகச் சொல்லிவிடுங்கள். இதில் உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். டிசி-யில் லாட் எண் இருந்தால் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று உட்கார்ந்து தேட வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் கட்டிங் மாஸ்டரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். மகனை அனுப்ப வேண்டாம். இருபது வருடமாகக் கத்தி பிடிக்கிறவரிடம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லும்போது, எதற்கு என்று முதலாளியே சொன்னால்தான் மரியாதை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் 380 பேரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய ஆதார் நகல் எங்கே இருக்கிறது? கான்ட்ராக்டரின் போனில், சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்பில், டிடிபி கடை கம்ப்யூட்டரில் என்றுதான் பல இடங்களில் பார்க்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது அவர்களுடைய அடையாளம், நம்பிக் கொடுத்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில், 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. தகவலைப் பத்திரமாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். துணி எடையும் சாய லாட்டும் இந்தச் சட்டத்துக்குள் வராது, ஆட்களைப் பற்றிய தகவல் வரும். பிஎஃப், ஈஎஸ்ஐ-க்கு வேண்டியதை ஹெச்ஆர் ஒரே இடத்தில் பூட்டி வைக்கட்டும். மற்ற இடங்களில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் நகல்களை இந்த வாரமே அழிக்கச் சொல்லுங்கள். எதற்காக அவர்கள் தகவலை வாங்கினோம் என்பதை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி, படித்துக் காட்டவும் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் எல்லா ஸ்டைலுக்கும் செய்யாதீர்கள். பல்க் போடும் முன் எல்லா சைஸிலும் மாதிரி (சைஸ் செட்) அனுப்புகிறீர்கள் அல்லவா? அதுபோல, ஜெர்மன் பையரின் ஒரு ஸ்டைலை மட்டும் நூல் முதல் கார்ட்டன் வரை இந்த முறையில் ஓட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கும்பகோணம் பக்கம் நான்கு கிளைகளுடன் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறோம். போன மாதம் ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரின் ரிப்போர்ட் மாறிப் போய்விட்டது. நல்ல வேளையாக டாக்டர் கண்டுபிடித்தார். சென்னையில் உள்ள ஒரு பெரிய லேபின் டேட்டா கொள்கை ஆவணம் கிடைத்தது. பெயரை மட்டும் மாற்றி அப்படியே நாங்களும் வைத்துக்கொள்ளலாமா?
(ஒரு வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஆவணத்தில் இருக்கும் பெரும்பகுதி, நூறு மெஷின்களையும் பல ஊர்களையும் சேர்த்துக் கட்டுவது பற்றி இருக்கும். உங்கள் வலி ஒன்றே ஒன்று: வந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்பது. நம் ஊர்ப் பெயர்களுக்கு அது மிகவும் கஷ்டமான கேள்வி.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சாஃப்ட்வேரோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். ஆர். லட்சுமி ஒரு கிளையில் 'லட்சுமி ஆர்' ஆவார், இன்னொன்றில் அப்பா பெயர் சேர்ந்து 'லட்சுமி ராமசாமி' ஆவார், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியலோடு மூன்றாவது ஆளாக வருவார். ஆங்கிலத்தில் அடிக்கும்போது அதே லட்சுமிக்கு நாலு எழுத்துக்கூட்டல். போன் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், வீட்டில் அம்மா, மாமியார், குழந்தை மூவருக்கும் மகனின் ஒரே எண்ணைத்தான் கொடுப்பார்கள். பிறந்த தேதி கேட்டால், வயதானவர்கள் பலரின் ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும்.

ஆகவே உங்களுக்கென்று ஒரு எண் கொடுங்கள். முதல்முறை வரும்போது சிறு அட்டையில் அச்சடித்து, பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டை இல்லாமல் வந்தால் பெயரோடு இன்னும் ஒன்றாவது பொருந்த வேண்டும். ஊசி போடும் முன், "நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்கவே கூடாது. காது சரியாகக் கேட்காத பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயரும் வயதும் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்க வேண்டும், அவர் வாயால் சொல்ல வேண்டும். ட்யூபில் ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் எதிரிலேயே, நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கும் முன்.

ஒரே ஆள் இரண்டு எண்ணில் இருக்கிறார் என்று தெரிந்தால், இரண்டையும் சேர்க்கும் அதிகாரம் ஒரே ஒரு மூத்த டெக்னீஷியனுக்கு இருக்கட்டும். கம்ப்யூட்டர் தானாகச் சேர்க்க அனுமதிக்காதீர்கள். தப்பாகச் சேர்த்தால் ஒருவரின் சர்க்கரை அளவு இன்னொருவரின் வரலாற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரிப்பது மிகவும் கஷ்டம். அப்புறம், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் யாருடைய எண்ணுக்கு அனுப்பலாம் என்று நோயாளியிடமே கேளுங்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல விரும்பாத பரிசோதனைக்காகத் தனியாக வந்த ஒரு பெண்ணின் ரிப்போர்ட் அவள் அண்ணன் போனுக்குப் போய், வீட்டில் பெரிய பிரச்சினை ஆனது எனக்குத் தெரியும். நான்கு கிளைகளுக்கும் சேர்த்து இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் எழுதலாம். எழுதி, ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு மேல் ஒட்டுங்கள்.

கேள்வி: எம்சிஏ முடித்து மதுரையில் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் சேர்ந்தேன். 60 பேர் வேலை செய்கிறார்கள். "இனி டேட்டா உன் பொறுப்பு" என்று எம்டி சொல்லிவிட்டார். வாடிக்கையாளர் படிவம் ஒன்று தயாரித்தேன், 34 கட்டங்கள். கவுண்டரில் யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை. எம்டி-யிடம் சொல்லிக் கண்டிப்பு காட்டலாமா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: தம்பி, கண்டிப்பு இப்போது வேண்டாம். 1994-இல் கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலையின் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக நான் சேர்ந்தபோது எனக்கும் இதே பிரச்சினை. பேரிங், பெல்ட், போல்ட் எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு (கோடு) கொடுத்திருந்தார்கள். ஸ்டோர்ஸ் அண்ணன் சீட்டில் கோடு எழுதவே மாட்டார். நான் தினமும் சண்டை போட்டேன். ஒரு நாள் அவரோடு ரேக்குகளுக்கு நடுவே நடந்தபோதுதான் தெரிந்தது: ரேக்கில் கோடு எங்கேயும் எழுதப்படவில்லை. எனக்கு ஸ்கிரீனில் தெரிந்தது, அவருக்கு எங்குமே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயிண்டரை வைத்து ஒவ்வொரு ரேக்கிலும் குறியீட்டையும் தமிழில் பொருளின் பெயரையும் எழுதினோம். திங்கட்கிழமை முதல் சீட்டில் கோடு வந்தது.

உங்கள் கம்பெனிக்கு உண்மையில் எது வேண்டும் என்று யோசியுங்கள். கடன் கொடுத்து விற்கிறீர்கள். ஒரே விவசாயி தன் பெயரில் ஒரு கணக்கும் தம்பி பெயரில் ஒரு கணக்கும் வைத்திருந்தால், கடன் வரம்பு இரண்டு மடங்காகிவிடும். கூடவே, எந்த மாடல் டிராக்டர் என்பது தெரியாவிட்டால் தப்பான பாகம் போய்த் திரும்பி வரும். இந்த இரண்டும்தான் உங்கள் கம்பெனியின் பணம். பெயர், ஊர், போன், டிராக்டர் மாடல், யார் பொறுப்பில் கடன் என்று ஐந்து கட்டங்கள் போதும். மீதி 29-இல் எதை நீங்களே கடந்த மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பார்த்தீர்கள்? பார்க்காததை எடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் முழுக்கக் கவுண்டரில் நின்று நீங்களே பில் போடுங்கள். விதைப்புக் காலத்தில், வெளியே வண்டி நிற்கும்போது, எந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தாண்டுகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை எனக்கு எழுதுங்கள் தம்பி, பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.